மான் தின்னாத செடியும் பக்கத்து வீட்டுப் படலையும்

மான் தின்னாத செடி எது என்று இப்போதும் ஆட்கள் என்னிடம் வந்து கேட்பதுண்டு. கோட்டைக்குப் பக்கமாகப் புதிதாக வீடு கட்டியவர்கள். ஆசைப்பட்டு ரோசா நட்டிருப்பார்கள். ஒரு நாள் விடிய எழும்பிப் பார்த்தால் முள்ளுத் தடி மட்டும் நிற்கும். வயிற்றெரிச்சலோடு வீதிக்கு வந்தால் யாராவது என் வீட்டைக் காட்டிவிடுவார்கள். எனக்குத் தெரியாது என்று சொல்லி அனுப்பிவிடுகிறேன். அவர்கள் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். ஒரு காலத்தில் கேட்காதவர்களையும் மறித்து வைத்துச் சொன்னவன் நான்.

அது யுத்தக் காலம். நான் துறைமுகத்தில் ஒரு களஞ்சியத்தில் கிளார்க் வேலை பார்த்தேன். ஆணி, கயிறு, பெயின்ட் தகரம் எல்லாவற்றையும் வகை பிரித்து, துண்டு ஒட்டி, இராக்கையில் அடுக்குவது என் வேலை. வேலை முடிந்தால் வீடு, பொழுதுபட்டால் ஊரடங்கு. வீதியிலிருந்து எங்கள் ஒழுங்கை திரும்பும் முனையில் மண்மூட்டை அடுக்கிய சென்றி, அதில் இரண்டு ஆமிக்காரர். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. மனைவிக்குக் கோயிலும் ரேடியோவும் இருந்தன, எனக்குத் தோட்டம் இருந்தது. எனக்குக் கோபம் சீக்கிரம் வரும் என்று ஒழுங்கையில் எல்லாருக்கும் தெரியும். அந்த நாட்களில் கோபப்பட வேண்டிய ஆட்கள் மேல் கோபப்பட ஏலாது. நான் மான்கள் மேல் பட்டேன்.

கோட்டைக்குள் புள்ளிமான்கள் கூட்டமாக இருந்தன, இப்போதும் இருக்கின்றன. கோணேசர் கோயிலுக்குப் போகிற சனம் கோட்டை வாசலில் அடையாள அட்டையைக் காட்டி, அர்ச்சனைத் தட்டையும் கிளறிக் காட்டித்தான் உள்ளே போகலாம். மான்களை ஒருவரும் மறிப்பதில்லை. ஊரடங்கு நேரத்தில் ஊர் முழுவதும் அவற்றினுடையது. கோயில் மான் என்று சொல்லி ஒருவரும் கல்லெறியவும் மாட்டார்கள். என் மனைவி வாழைப்பழத் தோலை வாசல் படலைக்கு வெளியே வைத்துவிட்டு வந்து, "திண்டிட்டுப் போகட்டும், வாயில்லாச் சீவன்" என்பாள்.

"வாயில்லையோ? என்ர ரோசா பத்தும் அந்த வாய்க்குள்ளதான் போனது" என்று நான் கத்துவேன்.

கத்திப் பயனில்லை என்று கண்டபிறகு, களஞ்சியப் புத்தி வேலை செய்தது. மான் எதைத் தின்னும், எதைத் தின்னாது என்று வகை பிரித்துவிட்டால் போதும். எங்கள் படலைக்கு முன்னால் வாய்க்காலுக்கு மேல் ஒரு மதகு இருந்தது. ஊரடங்கு தொடங்குவதற்குச் சற்று முன், ஐந்தாறு வகை இலைக்குழைகளை முறித்துக்கொண்டு வந்து, காற்றுக்குப் போகாமல் ஒவ்வொன்றின் மேலும் அரைச் செங்கல் வைத்து, மதகில் வரிசையாக அடுக்குவேன். காலையில் போய்ப் பார்ப்பேன். செவ்வரத்தை வைத்த இடத்தில் செங்கல் மட்டும் கிடக்கும். முருங்கை ஈர்க்கோடு போயிருக்கும். அலரி வைத்தபடி கிடக்கும். அதன் பால் நஞ்சு என்று மானுக்கும் தெரியும். எருக்கலை, ஆடாதோடை, நித்தியகல்யாணி எல்லாம் மோந்து பார்த்ததோடு சரி. கறிக்குப் போடும் சேரை இருக்கிறதே, எலுமிச்சை வாசம் அடிக்கும் அந்தப் புல், அதற்குப் பக்கத்தில்கூட ஒரு குளம்படி இருக்காது.

"மானுக்குப் படையல் வைக்கிறார் எங்கட ஐயர்" என்று மனைவி பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்லிச் சிரிப்பாள். சென்றியில் நின்ற ஆமிக்காரன் ஒருவன் ஒரு நாள் துவக்கோடு வந்து செங்கல்லைக் காலால் புரட்டிப் பார்த்தான். "என்ன, பூசையா?" என்றான். "மான்... மான்" என்று இரண்டு கையையும் தலையில் கொம்பாக வைத்துக் காட்டினேன். அவன் விழுந்து விழுந்து சிரித்தான். எனக்கு அவமானமாக இருந்தாலும் நிறுத்தவில்லை. அந்த மாரி முழுவதும் வைத்தேன்.

மாரி என்பதைக் கவனிக்க வேண்டும். அப்போது நான் கவனிக்கவில்லை. மழை பெய்து கோட்டைக்குள் முழங்காலளவு புல் நின்ற காலம் அது. வயிறு நிறைந்த மானிடம்தான் நான் கேள்வி கேட்டிருக்கிறேன். அதோடு இன்னொன்றும் நடந்தது. அதுவரை எங்கள் ஒழுங்கைக்குள் எப்போதாவது ஒரு மான்தான் வரும். மூன்று மாதம் மதகில் குழை வைத்து, ஒவ்வொரு இரவும் வரும்படி கூட்டத்தையே பழக்கியவன் நான்தான்.

மாசி மாதத்தில் என் வீட்டு வளவு சுற்றிவர இரண்டு வரி சேரை, அதற்குப் பின்னால் அலரி, உள்ளே குரோட்டன் என்று மாறியது. ரோசாவைக் கைவிட்டேன். ஒரு மானும் ஏறவில்லை. வருகிறவர்களை எல்லாம் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். சைக்கிளை உருட்டிக்கொண்டு போனவர்களையும் விடவில்லை. மான்களுக்கு என் வளவு சரிவராமல் போனதும் அடுத்த வளவுக்குப் போயின. அடுத்த வளவு அக்காவினுடையது.

அக்கா என்றால் உறவில்லை. என்னைவிடப் பத்து வயது மூத்தவர், அதனால் அக்கா. புருஷன் நோயில் போய்ச் சேர்ந்தபின் தையல் மெஷினை வைத்து ஒரே மகனை வளர்த்தவர். ஒழுங்கைப் பக்க வேலியோரமாக அவர் தன் கையால் நட்ட ஐந்து செவ்வரத்தை மரங்கள் நின்றன, சிவப்புப் பூ. அந்த வேலி இடுப்பளவுக் கம்பி வேலிதான். மான் வரத் தொடங்கியதும், சாம்பல்தீவில் மீன்பிடிக்கும் அவருடைய தங்கையின் புருஷன் ஒரு பழைய வலையைக் கொடுத்துவிட்டார். அக்கா நான்கு கம்பை நட்டு, வலையை ஆள் உயரத்துக்குக் கட்டினார். அதற்குப் பிறகு மான் கிட்ட வரவில்லை.

பங்குனியில் மகனைப் பிடித்தார்கள். தம்பலகாமத்தில் இவர்களுடைய கொஞ்ச வயல் குத்தகைக்குப் போயிருந்தது. அந்த நெல்லை எடுக்கப் போன பெடியன், திரும்பி வந்து பஸ்ஸால் இறங்கும்போது சுற்றிவளைப்பு. பத்தொன்பது வயது. அக்கா ஆமி முகாம் வாசலில் நாட்கணக்காக நின்றார். ஒரு நாள் தூரத்தில் கம்பிக்கு அந்தப் பக்கம் அவனைக் கண்டதாகச் சொன்னார். விசாரணை முடிந்து கொஞ்சப் பேரை விடப்போகிறார்கள் என்று கதை வந்தது. அன்றைக்கே அம்மனுக்கு நேர்ந்தார்: நாற்பத்தெட்டு நாள், விடிய முழுகி, தன் கையால் நட்ட மரத்தில் பூத்த செவ்வரத்தம்பூ ஒன்பது. வாங்கின பூ கூடாது, பிறத்தியார் வீட்டுப் பூவும் கூடாது. ஒரு நாள் தவறினால் திரும்ப முதலாம் நாள்.

எனக்கு நேர்த்திக்கடனில் பெரிய நம்பிக்கை இருந்ததில்லை. ஆனால் ஊரடங்கு நீங்கியதும் ஈரத்தலையோடு பூக்கூடையைக் கொண்டு அவர் படலையைத் திறந்து வரும்போது, நான் சாய்மனைக் கதிரையிலிருந்து எழும்பி நிற்பேன். அது எனக்குத் தெரியாமலே வந்த பழக்கம்.

பன்னிரண்டாம் நாளோ என்னவோ, ஒரு மான்குட்டி வலையில் சிக்கிக்கொண்டது. கால் நைலோனில் இறுகி, அது கத்திய கத்தலில் ஒழுங்கையே கூடிவிட்டது. நான்தான் கத்தி கொண்டுபோய் வலையை அறுத்துவிட்டேன். குட்டி நொண்டிக்கொண்டு ஓடியது. அக்கா அது போன திசையைப் பார்த்துக் கும்பிட்டார். நேர்த்தி நாளில் கோயில் மானின் கால் தன் வலையில் என்பது அவருக்குப் பெரிய காரியம்.

நான் அந்த நேரத்தைப் பிடித்துக்கொண்டேன். "அக்கா, உந்த வலையைக் கழட்டுங்கோ. இனி ஒரு குட்டி செத்துக்கித்துப் போனா ஆர் பாவம் சுமக்கிறது?"

"கழட்டினா பூவை ஆர் காக்கிறது தம்பி? நேர்த்தியெல்லே நடக்குது."

"என்ர வளவைப் பாருங்கோ. வலை கிலை இருக்கோ? சேரையை நட்டுவிட்டா மான் எட்டியும் பாராது."

"எனக்கெண்டாப் பயமாக் கிடக்கு."

"நீங்கள் ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ. நான் பொறுப்பு."

நான் பொறுப்பு. அந்த இரண்டு சொல்லை எவ்வளவு சுலபமாகச் சொன்னேன். மான்குட்டியில் எனக்கு இரக்கம் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்த வலை என் கண்ணைக் குத்திக்கொண்டிருந்தது என்பதும் உண்மை. வெயில் ஏறினால் மீன் நாற்றம். என் விறாந்தையிலிருந்து பார்த்தால், வரிசை பிடித்த என் சேரைக்கும் அலரிக்கும் பக்கத்தில் அந்தக் கந்தல் ஆடிக்கொண்டு நிற்கும். வருகிறவர்கள் என் தோட்டத்தைப் பார்த்துவிட்டு, "அப்ப ஏன் பக்கத்து வீட்டில வலை கட்டியிருக்கு?" என்று கேட்பார்கள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அக்காவின் பயத்தை வைத்து என் காரியத்தை முடித்துக்கொண்டேன்.

அன்று பின்னேரமே வலையைக் கழற்றிச் சுருட்டி, என் கொட்டிலில் வைத்தேன். என் வளவிலிருந்து பெரிய சேரைப் பற்றைகளாகப் பார்த்துக் கிளப்பி, அக்காவின் வேலியோரம் நெருக்கி நட்டேன். இரண்டு வேளையும் நானே தண்ணீர் ஊற்றினேன். பதினைந்து, இருபது, முப்பது என்று நாட்கள் போயின. ஒரு மொட்டுக்கூடக் குறையவில்லை. "தம்பி கெட்டிக்காரன்" என்று அக்கா என் மனைவியிடம் சொன்னாராம். நான் அதைக் கேட்காத மாதிரி இருந்துகொண்டு இரண்டு நாள் மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன்.

பிறகு கச்சான் காற்று எழும்பியது. கிழக்குப் பக்கத்தில் இருந்தவர்களுக்கு அந்தக் காற்று தெரியும். தரையிலிருந்து கடலுக்கு வீசும், தொட்டதை எல்லாம் காய வைக்கும். கிணற்றில் தண்ணீர் அடிக்குப் போனது. கோட்டைப் பக்கம் பார்த்தால் புல் முழுக்க வைக்கோல் நிறம். மான்கள் பகலிலேயே சந்தைக் குப்பையைக் கிளறத் தொடங்கின, கடதாசி மட்டையைக்கூடத் தின்றன.

நாற்பத்தோராவது நாள் என் வளவின் மூலையில் சேரையின் நுனி கடிபட்டிருந்தது. இரண்டு பற்றை. நான் குந்தியிருந்து பார்த்தேன். மாடு கடித்திருந்தால் அடிவரை போயிருக்கும். இது நுனி மட்டும் போயிருந்தது. மான்தான் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் மாடு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, கத்திரிக்கோலால் அந்த நுனிகளை மட்டமாக வெட்டிவிட்டேன், ஒருவர் கண்ணிலும் படாதபடி. வலை கொட்டிலில் இருந்தது. "அக்கா, காய்ஞ்ச நேரம், ஒரு கிழமைக்கு வலையைக் கட்டுவம்" என்று சொல்ல எவ்வளவு நேரம் எடுக்கும்? நான் சொன்னது பிழைத்துவிட்டது என்று அதற்கு அர்த்தம். இன்னும் ஏழு நாள்தானே என்று விட்டுவிட்டேன்.

நாற்பத்துமூன்றாம் நாள் வழக்கம்போல ஐந்து மணிக்கு எழும்பினேன். ஊரடங்கு நீங்க ஒரு மணித்தியாலம் இருந்தது. அடுப்பில் கேத்தலை வைத்துவிட்டு விறாந்தைக்கு வந்தேன். நிலம் வெளுத்துக்கொண்டு வந்தது. அக்காவின் வேலிக்கு வெளியே, ஒழுங்கையில் மூன்று மான் நின்றன. கொம்புள்ளது ஒன்று, பெட்டை இரண்டு. விலா எலும்பு எண்ணலாம்.

அவை உள்ளே போகவில்லை, இன்னும் வெளியேதான் நின்றன. இதை நான் பலமுறை எனக்குள் சொல்லிப் பார்த்திருக்கிறேன். நான் நின்ற இடத்திலிருந்து பதினைந்து அடி. ஒரு "சூ" போதும். படியில் இறங்கிக் கையை வீசியிருந்தாலும் போதும். வேலியால் எட்டி அக்காவின் யன்னலில் தட்டியிருக்கலாம். ஊரடங்கு நேரத்தில் சத்தம் போட்டால் சென்றியிலிருந்து சூடு விழும் என்று பயந்தேனா? பிறகு அப்படித்தான் எனக்குச் சமாதானம் சொன்னேன். ஆனால் அந்த நேரம் நான் சென்றிப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மான் சேரையைத் தின்னுமா, தின்னாதா என்று பார்த்துக்கொண்டு நின்றேன். மதகில் வைத்த குழையைப் பார்ப்பதைப் போலப் பார்த்துக்கொண்டு நின்றேன். தின்னக்கூடாது, தின்னக்கூடாது என்று மனம் அடித்துக்கொண்டது. அது பூவுக்காக அடித்ததில்லை.

கொம்பன் கம்பிக்குள் தலையை நீட்டி, சேரையை ஒரு வாய் இழுத்தது. மென்றது. இன்னொரு வாய். பிறகு மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாகக் கம்பிக்கு மேலால் பாய்ந்தன. படலை பூட்டியே இருந்தது. கொளுக்கி விழுந்தபடி இருந்ததை என் கண்ணால் கண்டேன். அவை செவ்வரத்தையில் வாய் வைத்தபோதாவது நான் சத்தம் போட்டிருக்கலாம். அதற்குள் எனக்கு வெட்கம் வந்துவிட்டது. சத்தம் போட்டால் நான் பார்த்துக்கொண்டு நின்றது தெரிந்துவிடும். உள்ளே வந்து கதவைச் சாத்திவிட்டுத் திரும்பப் படுக்கையில் படுத்தேன்.

ஆறு மணிக்கு அக்காவின் குரல் கேட்டது. அழுகை இல்லை. "ஐயோ அம்மாளே" என்று ஒருமுறை மட்டும். நான் அப்போதுதான் எழும்பியவனைப் போலச் சாரத்தை இறுக்கிக்கொண்டு போனேன். ஐந்து மரத்திலும் எட்டும் உயரம்வரை இலையே இல்லை. எட்டாத உயரத்தில் ஒரே ஒரு பூ. அக்கா முழுகின தலையோடு, வெறும் கூடையோடு நின்றார்.

"தம்பி, மான் வந்ததைக் கண்டனீங்களோ?"

"இல்லை அக்கா. இப்பதான் எழும்பினனான்."

நிலத்தில் மான் புழுக்கை கிடந்தது. நான் செருப்புக் காலால் மண்ணைத் தள்ளி அதை மூடினேன். மூடிக்கொண்டே சொன்னேன்: "மான் சேரையைத் தாண்டாது அக்கா. இது மாடு. நேற்றுப் படலையைப் பூட்டினனீங்களோ?"

முதல்நாள் அக்கா முகாம் வாசலில் நின்றுவிட்டு, ஊரடங்குக்குச் சற்று முன் ஓடி விழுந்து வந்தவர். அவர் படலையைப் பார்த்தார். சற்று முன் பதறி ஓடித் தானே திறந்த படலை அது; கொளுக்கியைத் தூக்கித் திறந்தாரா, சும்மா தள்ளித் திறந்தாரா என்பது அவருக்கே நினைவில்லைப் போல. முகத்தில் ஒவ்வொன்றாக யோசிப்பது தெரிந்தது. பிறகு கூடையை நிலத்தில் வைத்தார்.

"பூட்டினனான் எண்டுதான் நினைச்சன்" என்றார். "களைச்சுப்போய் வந்தனான். மறந்திட்டன் போல."

நான் இல்லை என்று சொல்லவில்லை.

வீட்டுக்குள் வந்தால் மனைவி குசினியில் நின்றாள். கேத்தல் வற்றிக் கருகிப் போயிருந்தது. அதை அடுப்பிலிருந்து இறக்கி வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "இப்பதான் எழும்பினனீங்களோ?" என்றாள். நான் முகம் கழுவப் போனேன். அவள் அதற்குப் பிறகு அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. அதற்குப் பிறகு தோட்டத்தைப் பற்றி என்னைக் கேலி செய்யவும் இல்லை.

அந்த ஒரு பூவோடு அக்கா கோயிலுக்குப் போனார். ஐயர், "அம்மாள் ஏற்றுக்கொள்ளுவா, நீ யோசிக்காதை" என்றாராம். அக்கா ஏற்றுக்கொள்ளவில்லை. மத்தியானம் நான் வலையை எடுத்துக்கொண்டு போய்க் கட்டிக் கொடுத்தேன். "இதை முதலிலயே விட்டிருக்கலாம்" என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். "நீங்கள் எவ்வளவு பாடுபட்டனீங்கள் தம்பி, நான்தான் கெடுத்துப் போட்டன்" என்றார். மரங்கள் தளிர்த்து ஒன்பது பூ பூக்க வாரக்கணக்காயிற்று. திரும்பவும் முதலாம் நாளிலிருந்து தொடங்கினார். பதினேழாம் நாள் முகாம் வாசலில் லிஸ்ட் ஒட்டினார்கள். விடுகிறவர்களின் பெயர்கள். அவன் பெயர் அதில் இல்லை. வேறு இடத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள் என்றார்கள். எந்த இடம் என்று கேட்டதற்கு ஒருவரும் பதில் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அவனைக் கண்டதாகச் சொன்ன ஆள் இல்லை.

ஒன்பது பூவுக்கு ஒரு முகாமின் கதவு திறக்கும் என்று நான் அப்போதும் நினைக்கவில்லை, இப்போதும் நினைக்கவில்லை. அவனைக் கொண்டுபோனவர்கள் மான்களைக் கேட்டுக்கொண்டா கொண்டுபோனார்கள்? ஆனால் அந்தச் சமாதானம் எனக்கு உதவும், அக்காவுக்கு உதவாது. அவரைப் பொறுத்தவரை கணக்கு நேரானது: படலையைப் பூட்டவில்லை, நேர்த்தி முறிந்தது, பிள்ளை வரவில்லை. சொந்தக்காரர் வந்தால் அப்படியே சொல்வார். விசாரிக்க வந்த அதிகாரிகளிடமும் ஒரு தரம் சொன்னார். அவர்கள் விளங்காமல் எழுதாமல் விட்டார்கள்.

அந்த நாளிலிருந்து அவருக்கு ஒரு பழக்கம் வந்தது. பொழுதுபடும் நேரம் படலைக்குப் போய் இரும்புக் கொளுக்கியைப் போடுவார். திரும்பி நடப்பார். பாதி வழியில் நின்று, மறுபடி போய், கொளுக்கியைத் தூக்கிப் போட்டுப் பார்ப்பார். பிறகு இன்னொரு முறை. மூன்று முறை அந்தச் சத்தம் கேட்கும். நான் எங்கே இருந்தாலும் கேட்கும். ரேடியோச் சத்தத்தைக் கூட்டி வைத்துப் பார்த்தேன். அந்த நேரத்துக்குக் கிணற்றடிக்குப் போய்ப் பார்த்தேன். மூன்று சத்தமும் முடியும்வரை நான் மூச்சுவிடுவதில்லை என்று ஒரு நாள் மனைவி சொன்னாள். அப்போது "போய்ச் சொல்லுங்கோவன்" என்றும் சொன்னாள். எதைச் சொல்ல என்று நான் கேட்கவில்லை. போகவும் இல்லை. யுத்தம் முடியட்டும், பெடியன் வரட்டும், ஏதாவது தெரியட்டும் என்று வருடக்கணக்காகப் பின்போட்டேன்.

சமாதானப் பேச்சு நடந்த வருடங்களில் ஒழுங்கை முனைச் சென்றியை எடுத்துவிட்டார்கள், ஊரடங்கு போனது. நிலாவெளிக்கு வெள்ளைக்காரர்கள் திரும்பவும் வந்தார்கள். வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு தூரத்துச் சொந்தக்காரர் ஊரில் வீடு கட்ட நினைத்து, எங்கள் விறாந்தையில் இருந்து கதைத்துக்கொண்டிருந்தார். அக்காவும் வந்திருந்தார். மான் தொல்லைக்கு என்ன செய்வது என்று வந்தவர் கேட்டார். நான் வாய் திறப்பதற்கு முதல் அக்கா சொன்னார்: "தம்பியைக் கேளுங்கோ. அவருக்குத் தெரியாத செடியில்லை. எனக்கும் எல்லாம் வடிவாத்தான் செய்து தந்தவர். நான்தான் படலையைப் பூட்டேல்லை."

அவர் அதைப் பெருமையாகச் சொன்னார், என்னைப் பற்றிய பெருமை. நான் எழும்பி உள்ளே போய்விட்டேன்.

அடுத்தநாள் பின்னேரம் அக்கா வீட்டுக்குப் போனேன். குசினி வாசலில் இருந்து முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தார். தலை முழுக்க வெளுத்திருந்தது. நின்றபடியே சொன்னேன், இருந்தால் சொல்ல மாட்டேன் என்று தெரியும்.

"அக்கா, அண்டைக்குப் படலை பூட்டித்தான் இருந்தது. மான்தான் வந்தது. கம்பிக்கு மேலால பாய்ஞ்சது. நான் கண்டனான்."

அவருடைய கை நின்றது. உருவின இலையை மடியில் விட்டார்.

"படலை பூட்டியிருந்ததெண்டு வடிவாத் தெரியுமோ தம்பி?"

"ஓம் அக்கா. கொளுக்கி விழுந்தபடி இருந்தது."

"அப்ப நான் மறக்கேல்லை" என்றார். என்னிடம் சொன்ன மாதிரி இல்லை. பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார். "ஏன் தம்பி என்னைக் கூப்பிடேல்லை?"

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு என்னிடம் உண்மையான பதில் இருந்தது. வீட்டிலிருந்து வரும்போது அதைச் சொல்லத்தான் வந்தேன்.

"ஊரடங்கு அக்கா" என்றேன்.

"ஓம்" என்று தலையாட்டினார். "அந்த நேரம் ஆர்தான் வாய் திறக்கிறது. சுட்டுப் போட்டிருப்பாங்கள்." எனக்காகப் பயந்த மாதிரிச் சொன்னார். பிறகு எழும்பி எனக்குத் தேத்தண்ணி ஊற்றித் தந்தார். நான் அதைக் குடித்தேன்.

வீட்டுக்கு வந்து விறாந்தையில் இருந்தேன். எல்லாவற்றையும் சொல்லாவிட்டாலும் படலையைச் சொல்லிவிட்டேன், அது ஒன்றாவது அக்காவின் தலையிலிருந்து இறங்கியிருக்கும் என்று நினைத்தேன். பொழுதுபட்டது. ஊரடங்கு இல்லாத ஊரில் சனம் வீதியில் கதைத்துக்கொண்டு போனது. அக்கா வீட்டிலிருந்து இறங்கி வந்து படலையைச் சாத்தினார். கொளுக்கி விழுந்தது. திரும்பி நடந்தார். பாதி வழியில் நின்றார். மறுபடி போனார்.

மூன்று முறையும் கேட்டது.